அரை உயிரோடு ஓடும் எஞ்சின்: விமானப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். ஒற்றை எஞ்சின் விமானத்தில் அவசரநிலைப் பயிற்சி எப்படி நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், உங்களிடம் படித்த எங்களுக்கும் தெரியும். 3,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கும்போது திடீரென்று பேச்சை நிறுத்துவீர்கள்; அதிலேயே மாணவருக்குப் பாதி விளங்கிவிடும். எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை உங்கள் கை பின்னால் இழுக்கும். "எஞ்சின் போய்விட்டது, என்ன செய்வாய்?" மாணவர் விமானத்தின் மூக்கைத் தாழ்த்திச் சறுக்கு வேகத்துக்குக் கொண்டுவருவார், போன வகுப்பில் காட்டிய அதே வயலைக் காட்டுவார், எரிபொருள் வால்வு, எரிபொருள்-காற்றுக் கலவை, தீப்பொறி தரும் மேக்னெட்டோ என்று சரிபார்க்க வேண்டியவற்றை ஒப்பிப்பார். 500 அடியில் த்ராட்டில் மீண்டும் முன்னே போகும். பாடம் முடிந்தது.

இந்தப் பயிற்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இது கைவராதவர் தனியாகப் பறக்கவே கூடாது. என் குறை வேறு. இந்தப் பாடத்தில் எஞ்சின் எப்போதும் ஒரேயடியாகச் செத்துப்போகிறது. நிஜத்தில் அது அவ்வளவு நேர்மையாக நடந்துகொள்வதில்லை.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஒற்றை எஞ்சின் விமானங்கள் தரையைவிட்டுக் கிளம்பும் கட்டத்தில் 2000 முதல் 2010 வரை நடந்த சம்பவங்களைத் தொகுத்துப் பார்த்தது. எஞ்சின் முழுதாக நின்றுபோனவை 75. அவற்றில் உயிரிழப்பே இல்லை. எஞ்சின் நிற்காமல் சக்தி மட்டும் ஓரளவு குறைந்தவை 242. அவற்றில் 9 விபத்துகளில் உயிர் போனது. மிச்சச் சக்தியோடு ஓடிய எஞ்சின்தான் ஆளைக் கொன்றிருக்கிறது.

காரணம் உங்களுக்குப் புதிதல்ல. எஞ்சின் நின்றுபோனால் முடிவு தானாக எடுக்கப்பட்டுவிடுகிறது. எதிரே இருக்கும் இடத்தில் இறங்க வேண்டியதுதான். அரைகுறையாக ஓடும் எஞ்சின் ஆசை காட்டுகிறது. 400 அடி உயரத்தில் விமானம் ஒருமுறை குலுங்குகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள், 2,300இல் நின்றது, 1,900க்கு இறங்கி அங்கேயே நடுங்குகிறது. ஏறும் வேகத்தைக் காட்டும் முள் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கிறது. ஓடுபாதை முதுகுக்குப் பின்னால், எட்டிவிடும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றுகிறது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது இந்த நொடியில்தான். விமானி உயரத்தைக் காப்பாற்ற மூக்கைத் தூக்குகிறார், வேகம் கரைகிறது. திரும்பத் தொடங்குகிறார். வந்த கோட்டிலேயே போய் இறங்க 180 டிகிரி போதாது. கூடுதலாகத் திரும்பி, பிறகு நேராக்கவும் வேண்டும். உயரம் குறையக் குறைய இன்னும் சாய்த்துத் திருப்பத் தோன்றும். உயரம் இழக்காமல் 45 டிகிரி சாய்வில் திரும்பினால் ஸ்டால் வேகம், அதாவது எந்த வேகத்துக்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காதோ அந்த வேகம், ஏறக்குறைய 19 சதவீதம் கூடும். 60 டிகிரியில் 41 சதவீதம். ஏற்கெனவே வேகம் குறைந்த விமானத்தில் இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறீர்கள். காற்றில் உணர வைக்கிறீர்களா?

தாழ்வான உயரத்தில் யாரையும் ஆபத்தில் தள்ளச் சொல்லவில்லை. 3,000 அடியைத் தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மேலேறச் சொல்லி, 3,400இல் த்ராட்டிலைப் பாதிக்குக் குறைத்துவிட்டு வாய் திறக்காமல் இருங்கள். கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். முதல் சில நொடிகளில் கையும் ஓடாது, காலும் ஓடாது. அந்தத் திகைப்பை மாணவர் உங்கள் பக்கத்தில் இருக்கும்போதே ஒருமுறை அனுபவித்துவிடட்டும். மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பிடிப்பதற்குள் எத்தனை அடி போயிற்று என்பதை உயரம் காட்டும் அல்டிமீட்டரில் அவரே பார்க்கட்டும்.

எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் பனி படிவதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளியே 20 டிகிரிக்கு மேல் இருக்கும்போதும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், கார்புரேட்டருக்குள் பனி கட்டும். அதற்குள் சூடான காற்றை அனுப்பும் வெப்பக் குமிழை இழுத்தால், உருகிய நீர் எஞ்சினுக்குள் போய், ஓட்டம் முன்னைவிட மோசமாகும், இருமும், அதிரும். பயந்துபோய்க் குமிழை உள்ளே தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. மருந்து வேலை செய்யத் தொடங்கும்போதே அதை நிறுத்துவது அது. தரையில் குமிழை இழுத்துச் சுற்று கொஞ்சம் குறைகிறதா என்று பார்த்துவிட்டுப் போகும் மாணவருக்கு இந்த இருமலைப் பற்றி யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது வானொலி. உயிராபத்து என்று அறிவிக்கும் "மேடே" என்ற சொல்லைச் சொல்ல எங்களுக்குக் கூச்சம். எஞ்சின் இன்னும் ஓடுகிறதே, ஊரைக் கூட்டுவானேன் என்ற தயக்கம். இது சிறு விமானிகளுக்கு மட்டும் உரியதல்ல. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த ஏவியாங்கா 52 என்ற பயணிகள் விமானம், ஒரு போயிங் 707. அதன் விமானிகள் முன்னுரிமை வேண்டும் என்றார்கள், எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். அவசரநிலை என்று மட்டும் கடைசிவரை அறிவிக்கவில்லை. 73 பேர் இறந்தார்கள். முதலில் விமானத்தைப் பறக்கவிடு, பிறகு வழியைப் பார், பிறகு பேசு என்ற வரிசை சரிதான். ஆனால் மூன்றாவதை நீங்கள் "மேடே சொன்னதாக வைத்துக்கொள்" என்று தாண்டிவிடுகிறீர்கள். ஒலிபரப்புப் பொத்தானைத் தொடாமல், வாய்விட்டு முழுவதையும் சொல்லவையுங்கள்: மூன்று முறை மேடே, அழைப்புக் குறி, என்ன கோளாறு, எங்கே, எத்தனை பேர். அவசர அழைப்புக்கான 121.5 அலைவரிசையும், ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரின் அவசரக் குறியீடான 7700உம் தேர்வுத்தாளோடு நின்றுவிட வேண்டாம். உயிர்காக்கத் தேவையான அளவுக்கு விதியை மீறத் தலைமை விமானிக்குச் சட்டமே இடம் தருகிறது. ஆபத்துக்குப் பாவமில்லை.

கடைசியாக, பள்ளிகளை நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கட்டுப்பாட்டோடு, மெதுவாக, காற்றை எதிர்த்து வயலில் இறங்குகிறவர் பெரும்பாலும் பிழைக்கிறார். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரை தொடும் விமானம் 9 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப்போல் 9 மடங்கு விசையில், நிற்க ஏறக்குறைய 3 மீட்டர் போதும். 160இல் 11 மீட்டருக்கு மேல் வேண்டும். இறக்கை முறியலாம், சக்கரம் போகலாம். அவை உங்கள் காப்பீட்டுக்காரரின் கவலை. இது தெரிந்தும் மாணவர் ஓடுபாதைக்கே திரும்பப் பார்ப்பது, அது அவருடைய விமானம் இல்லை என்பதால். எஞ்சின் சரியாக ஓடவில்லை என்று வயலில் இறங்கியவரிடம் கணக்குக் கேட்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். பிறகு பிரித்துப் பார்த்து ஒரு குறையும் தெரியாவிட்டாலும் அந்த வாக்கு நிற்கட்டும். கார்புரேட்டரில் கட்டிய பனி, மெக்கானிக் வந்து சேர்வதற்குள் உருகிப் போயிருக்கும்.

இப்படிக்கு,
உங்களிடம் படித்துப் பறக்கும் ஒரு விமானி