சிஓபிடி நோயாளிக்கு பலூனும் வேண்டாம், 94-ம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

கொரோனா பரவலால் 2021 மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு இருந்தது. சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள பலர், மருத்துவமனைக்குப் போகப் பயந்து, வாட்ஸ்அப்பில் வரும் கொரோனா யோசனைகளைச் செய்துகொண்டு வீட்டில் இருந்தார்கள். இன்ஹேலரை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. ஒன்று தீருமுன் அடுத்ததை வாங்கி வைக்க வேண்டும். அது போக, மருந்துக் கடையில் கிடைக்காத வைத்தியமும் இந்த நோய்க்குப் பாதி உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் பலூன். பலூன் ஊது, மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை இழு, மூச்சை அடக்கி எண்ணு என்றார்கள். சிஓபிடியில் மூச்சை விடும்போது சிறு குழாய்கள் சுருங்கி மூடிக்கொள்வதால் பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. நெஞ்சு ஏற்கெனவே உப்பித்தான் இருக்கிறது. அதன்மேல் இன்னும் இழுத்து அடக்கினால் இளைப்புதான் கூடும். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான யோக மூச்சுப் பயிற்சிகளும் இவர்களுக்கு ஒத்துவராது.

இவர்களுக்கு வேண்டியது நிதானமாக வெளியே விடும் மூச்சு. தோளைத் தளர்த்தி, வாயை மூடி, மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுக்க வேண்டும். நெஞ்சு நிறைய வேண்டியதில்லை. பிறகு உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விட வேண்டும். குவித்த உதடு தரும் எதிரழுத்தம் குழாய்களை மூடவிடாமல் வைத்திருக்கும். கன்னம் உப்பினாலோ வயிறு இறுகினாலோ முக்கி ஊதுகிறார் என்று பொருள். முக்கினால் குழாய் இன்னும் சீக்கிரம் மூடும். எழும்போதும் படியேறும்போதும் மூச்சை விட்டுக்கொண்டே செய்வது நல்லது. மூச்சு முட்டினால் படுக்காமல், உட்கார்ந்து முன்சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்ற வேண்டும்.

அடுத்தது, விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டர். 94-க்குக் கீழே போனால் ஆபத்து என்று அப்போது டிவியில் ஓயாமல் சொன்னார்கள். பிறருக்குச் சரி. நல்ல நாளிலேயே 91 காட்டும் சிஓபிடி நோயாளிகள் நிறையப் பேர். ஆக்சிஜன் கொடுக்கும்போது அவர்களுக்குப் பொதுவாக வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். இது தெரியாமல் வாடகைக்கு எடுத்த கான்சன்ட்ரேட்டரை (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) நிமிடத்துக்கு 5 லிட்டரில் வைத்துவிட்டால், சிலருக்கு உடலில் கரியமில வாயு சேர்ந்துவிடும். எண் 97-க்கு ஏறியதென்று வீடே நிம்மதி அடையும்போது அவர் தலைவலியோடு தூங்கி வழிந்துகொண்டிருப்பார். ஆக்சிமீட்டர் கரியமில வாயுவை அளக்காது. எத்தனை லிட்டர் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அவரவர் வழக்கமான எண்ணைத் தெரிந்துகொள்ள, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, எண் ஆடாமல் நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளலாம். அந்த எண்ணிலிருந்து மூன்று நான்கு குறைந்து மேலே வராவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஊரடங்கில் இவர்களுக்கு நேர்ந்த பெரிய கெடுதல், மூச்சு வாங்குமே என்று உட்கார்ந்தே கிடப்பது. தொடைத் தசை இளைத்தால் அதே நடைக்கு இன்னும் அதிக மூச்சு வாங்கும். சுவரோடு போட்ட நாற்காலியிலிருந்து ஐந்து முதல் பத்து முறை எழுந்து உட்காரலாம். கூடத்திலேயே ஐந்து நிமிட நடை, ஓய்வு, மறுபடி நடை. இளைப்பை 0 முதல் 10 வரை மதிப்பிட்டால் 3 அல்லது 4 இருக்கட்டும்: பேச முடியும், பாட முடியாது. ஆக்சிமீட்டர் எண் 88-க்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும். குளிக்கும்போது முக்காலியில் உட்காருங்கள். தலைக்குமேல் கை தூக்கித் தண்ணீர் ஊற்றுகையில், மூச்சுக்கு உதவும் தோள், கழுத்துத் தசைகளுக்கு இரட்டை வேலை.

சளி கட்டியிருந்தால் அரை நிமிடம் சாதாரண மூச்சு. மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு, ஒவ்வொன்றையும் இரண்டு விநாடி மட்டும் நிறுத்தி. பிறகு, மூக்குக் கண்ணாடி துடைக்க ஊதுவதுபோல் வாயைத் திறந்து 'ஹா' என்று ஓரிரு முறை. சளி வரும்வரை இதையே திரும்பச் செய்யலாம். தொடர் இருமலைவிட இதில் களைப்பு குறைவு. கிருமி பரவும் என்பதால் தனியறையில், ஜன்னலைத் திறந்து வைத்து, துணியால் வாய் மூடிச் செய்ய வேண்டும்.

கிருமி சாகும் என்று வீடு முழுக்க சாம்பிராணியும் வேப்பிலையும் புகைப்பதை என்ன சொல்ல! புகையே இந்த நோயின் முக்கியக் காரணம். ஒரு கொசுவர்த்திச் சுருள் கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். கொசுவலை போதும். கொதிக்கும் பானையில் ஆவி பிடிப்பது வைரஸைக் கொல்லாது. முகம் வெந்து போகும் ஆபத்தும் உண்டு.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாதல், குழப்பம், எழுப்பினாலும் தீராத தூக்கம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். நோயின் பெயர், வழக்கமான எண், மருத்துவர் சொன்ன லிட்டர் அளவு, இன்ஹேலர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஆக்சிமீட்டர் பெட்டியில் வைத்திருங்கள். ஆம்புலன்சில் ஏற்றும்போது முதலில் நீட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர்கள்,
மதுரை