வருத்தம் எஞ்சினில் இல்லை, மச்சான்

கொக்குவில்
ஆனி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சான்,

தை மாதம் நீ காசு அனுப்பிய பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. போன் எடுத்தாலும் "பிறகு கதைக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். அந்தக் காசு முழுவதும் உன் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்குக்கே போனது. போயும் பைக் சரிவரவில்லை. அதை எந்த வாயால் சொல்வது என்றே ஐந்து மாதம் பேசாமல் இருந்துவிட்டேன். போன ஞாயிறோடு எல்லாம் மாறிவிட்டது.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஒபரேஷன் முடிந்தது. இப்போது என் நரையை எண்ணிச் சொல்கிறா. நெட்டையன் இன்னும் வளவை விற்கவில்லை, விற்கவும் மாட்டான். சரி, கதைக்கு வருகிறேன்.

2022இல் பெற்றோல் வரிசை நீண்டு, பிறகு கியூ.ஆர். பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் என்று வந்ததே, அப்போது உன் பைக்கை வீட்டோரப் பத்தியில் நிறுத்திப் படங்கு போட்டு மூடினேன். போன வருடம் எடுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, இழுவை இல்லை. எவ்வளவு முறுக்கினாலும் 40ஐத் தாண்டாது. கராஜில் கொடுத்தேன். ரிங் முடிந்துவிட்டது என்று சொல்லி, சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, ஒயில் பம்பையும் மூடிவிட்டு, இனி ஒயிலைப் பெற்றோலிலேயே கலந்து ஊற்றச் சொன்னார்கள். உன் காசு அதோடு சரி. வெளியே எடுத்து ஓடினால் அதே 40! 20 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில் என்றால் லீட்டருக்கு 50 மில்லி. புதுப் பிஸ்டன் இறுகிவிடுமோ என்ற பயத்தில் நான் 80 வரை ஊற்றியிருக்கிறேன். அது இன்னும் கெடுத்தது.

ஒரு நாள் பின்னேரம், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சைலன்சர் வாலுக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்தேன். பட்பட் என்று கையில் அடிக்க வேண்டிய காற்று கிழவன் மூச்சுப்போல வந்தது. உடனே எனக்குச் சின்ன மாமாவின் முகம் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், 1990க்குப் பிறகு யுத்தத்தால் இங்கே பெற்றோல் வராத காலம். நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். மாமா அடிக்கடி சைலன்சரைக் கழற்றித் தென்னம்பொச்சு நெருப்பில் போடுவார், நாங்கள் இரண்டு பேரும் ஓலையால் வீசுவோம். ஆறியபின் தட்டினால் கரி கட்டிகட்டியாகக் கொட்டும். அதைப் பார்த்து வளர்ந்த நான் இந்தமுறை சைலன்சரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே கழற்றினேன். வாலடியில் உள்ள சின்ன போல்ட்டை எடுத்துவிட்டு, சத்தத்தை அடக்கும் உட்குழாயை, அதுதான் பேபிளை, குறட்டால் பிடித்து இழுத்தால் வரவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து மத்தியானம்தான் எடுத்தேன். ஓட்டை ஓட்டையாக இருக்க வேண்டிய குழாய் முழுக்கக் கறுப்புக் களி. விளக்குமாற்று ஈர்க்குக்கூட ஒரு ஓட்டைக்குள்ளும் போகவில்லை. சுற்றியிருந்த கண்ணாடிப் பஞ்சு எள்ளுப் பிண்ணாக்குப்போல ஒயிலில் ஊறி இறுகிக் கிடந்தது. சிலிண்டரின் புகை வாயிலும் பாதி அடைத்துவிட்டது. பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, பூவரசந் தடியைச் சீவி அதால் சுரண்டினேன். இரும்பு பட்டால் பிஸ்டன் தலை கீறிவிடும்.

கரியைக் கரைக்க நீ முந்திச் சொன்ன கோஸ்டிக் சோடாவும் நல்ல வேலை செய்தது. சோடாவைத் தண்ணீருக்குள் போட்டுக் கரைத்தேன், சோடாவுக்கு மேலே தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். குழாயின் ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்து, ஊற்றி, ஒரு இரவு வைத்தேன். காலையில் கிணற்றடியில் ஊற்றவிடாமல் அம்மா தடுத்துவிட்டா, நல்லகாலம். ஆனால் உன் மகன் அனுப்பிய அலுமினிய சைலன்சர் டப்பாவுக்கு அது கூடவே கூடாது. சோடா அலுமினியத்தையே தின்றுவிடும், தீப்பற்றும் வாயுவும் கிளம்பும்.

அவன் வைத்துவிட்ட புதுப் பஞ்சில் பாதியை எடுத்து பேபிளில் சுற்றினேன். கை முழுக்கச் சுணை, இரண்டு நாள் சொறிந்தேன். இறுக்கிச் சுற்றினால் சத்தத்தைக் குடிக்காது, தளர்ந்தால் புகையோடு பறந்துவிடும். பருத்தி நூலால் கட்டினேன், சூட்டில் நூல் எரிந்துபோகப் பஞ்சு விரிந்து இடத்தை நிரப்பும். செம்பு வளையமும் புதிது போட்டேன். ஒயில் பம்பையும் திரும்ப இணைத்தாயிற்று. ஏ9இல் ஆனையிறவு வரை போய்வந்தேன் மச்சான். 70இல் சும்மா போகிறது! எங்கள் ஊரில் ஏற்றமும் இல்லை, ஒழுங்கைக்குள் இரண்டாம் கியரில் சந்தைக்குப் போய்வந்தால் குழாய் சூடாகும் முன் வீடு வந்துவிடும். எரியாத ஒயில் உள்ளேயே படியும். மாதம் ஒருமுறையாவது இப்படி நெடுக ஓட வேண்டும்.

இனித்தான் எனக்குக் கவலை. உன் மகன் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறான்: பேபிளைக் கழற்றிவிடுங்கோ மாமா, பஞ்சும் வேண்டாம், நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது சத்தம் கேட்க வேண்டும் என்று. நீ அவனோடு இருந்து கதைக்க வேண்டும். இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வாய்க்கு வால்வ் கிடையாது. வெளியே போகும் புகையின் அலை குழாய்க்குள் மோதித் திரும்பி வந்து, தப்பி ஓடப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. அந்த அளவில் செய்த குழாயை வெறுமையாக்கினால் சத்தம் கூடும், இழுவை குறையும். கலவையில் பெற்றோல் குறைந்து எஞ்சின் கொதிக்கும். வேகத்தில் பிஸ்டன் இறுகினால் பின்சில்லு அப்படியே பூட்டிக்கொள்ளும். கிளச்சைப் பிடிக்க ஒரு கணம் பிந்தினால் போதும். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். அவனை அங்கே ஓடவிட்டு நான் வீட்டில் இருக்க முடியாது.

அவன் மனதை உடைக்க வேண்டாம். அலுமினிய டப்பாவின் ரிவெட்டைத் துளைத்துக் கழற்றி வைத்திருக்கிறேன். மிச்சப் பஞ்சு அதற்குப் போதாது. வரும்போது இன்னொரு பொதி பஞ்சும் கொஞ்ச ரிவெட்டும் கொண்டு வா. அவனும் நானும் பத்தியில் இருந்து சுற்றுவோம், நீ ஓலையால் வீசு.

அம்மா கேட்ட கண்மருந்தை மறக்காதே.

உன்,
கொக்குவிலான்