12 ஜிபின்னு போட்டு வித்துட்டு 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு அனுப்பினது தொடர்பான புகார்

திருச்சி
10-1-2026

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு

பொருள்: டிசம்பர் 19 அன்னைக்கு ஆர்டர் பண்ண ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டுக்குப் பதிலா வேற கார்டு வந்தது, அதை மாத்தித் தரச் சொல்லி

வணக்கம் சார் இல்ல மேடம், யாரு படிக்கிறீங்களோ தெரியல. இதுக்கு முன்னாடி மூணு மெயில் போட்டாச்சு, அஞ்சு தடவை போன் பண்ணியாச்சு, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒருத்தர் எடுத்து முதல்லேர்ந்து கதை கேக்குறாரு, அதனால இந்தத் தடவை எல்லாத்தையும் ஒரே லெட்டர்ல எழுதிடுறேன், நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

விஷயம் இதுதான். உங்க சைட்ல "ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி"ன்னு போட்டிருந்ததைப் பாத்து 25,500 ரூபா கட்டினேன், வந்தது மெமரி கம்மியான 3060 8 ஜிபி. பொட்டி மேல ஜிபி எவ்வளவுன்னு அச்சடிச்சிருக்கிற இடத்துலயே கரெக்டா உங்க கடை பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. நான் அதை உரிச்சுப் பாத்தப்புறம்தான் 8ன்னு தெரிஞ்சுது. வேணும்னே ஒட்டினீங்கன்னு சொல்ல வரல, கை தவறி அங்க விழுந்திருக்கலாம், ஆனா பொட்டியோட ஆறு பக்கத்துல அந்த ஒரு இடம்தான் கிடைச்சுதா?

இப்ப நான் எதுக்கு அந்த 12 ஜிபியையே புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்னு உங்க ஆளுங்களுக்குப் புரியவே மாட்டேங்குது, அதனால என் பிசி கதையைச் சொல்லியே ஆகணும்.

2017ல வேலைக்குச் சேந்த புதுசுல சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு நாள் பூரா அலைஞ்சு அசெம்பிள் பண்ண சிஸ்டம் இது. ரைசன் 5 1600 பிராசசர், பி350 மதர்போர்டு, டிடிஆர்4 ராம் 8 ஜிபி ரெண்டு, ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு. அப்ப கையில காசு கம்மி, 1060லயே 3 ஜிபி வாங்கிட்டுப் போயிடலாம்னு நான் சொன்னப்ப அந்தச் சின்னக் கடைக்காரர் (கடைன்னு கூட சொல்ல முடியாது, மாடிப்படிக்குக் கீழ ஒரு பொந்து) "தம்பி, பேருதான் ஒண்ணு, 3 ஜிபில மெமரி மட்டும் கம்மி இல்ல, உள்ள கணக்குப் போடுற கோரும் கம்மி, இன்னும் கொஞ்சம் போட்டு 6 ஜிபி வாங்கிக்க, ரெண்டு வருசம் கழிச்சு என்னைத் திட்டக்கூடாது பாரு"ன்னாரு. அப்புறம் வீட்டுக்கு வந்து பாத்தா உண்மைதான், 6 ஜிபில 1280 கோர், 3 ஜிபில 1152. அந்த மனுசனுக்கு அன்னைக்கு 3 ஜிபி கார்டைத் தள்ளிவிட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். அந்த 6 ஜிபி கார்டு எட்டு வருசம் ஓடுச்சு சார்.

எட்டு வருசம் ஓடினது போன வருசம் நாலா பக்கமும் அடி வாங்குச்சு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, விண்டோஸ் 11 போடலாம்னா ரைசன் 1000 சீரிஸ் லிஸ்ட்லயே இல்ல. அதே அக்டோபரோட என்விடியா கம்பெனி என் 1060 மாதிரி 10 சீரிஸ் கார்டுக்கு புது கேம் டிரைவர் விடுறதையும் நிறுத்திட்டாங்க, இனிமே செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான். புது கேம்ல சிலது ரே டிரேசிங் (வெளிச்சம், நிழலை நிஜம் மாதிரி கணக்குப் போடுறது) இல்லாத கார்டுல தொறக்கவே தொறக்காது, டூம் தி டார்க் ஏஜஸ் அப்படித்தான். அதனால அப்கிரேடு பண்ணியே ஆகணும்னு ஆயிடுச்சு. வாங்குறதுக்கு முன்னாடி உங்க சேல்ஸ் நம்பருக்கு போன் பண்ணேன், பேசினவரு "சார் உங்க போர்டு 2017 சார், அதுல ரைசன் 5000 சீரிஸ் பிராசசர் ஏறாது, ஏஎம்5னு புது செட் கம்போவா எடுத்துக்கோங்க, புது போர்டு, டிடிஆர்5 ராம், 7600 பிராசசர், எல்லாம் சேத்து டிஸ்கவுன்ட் போட்டுத் தர்றேன்"னாரு. ராம் விலை போன நவம்பர்லேர்ந்து எங்க போய் நிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், மெமரி பண்றவங்க எல்லாம் ஏஐ டேட்டா சென்டருக்கு அனுப்பிக்கிட்டிருக்காங்க, இந்த நேரத்துல ஒருத்தனைப் போய் நல்லா ஓடிக்கிட்டிருக்கிற 16 ஜிபி ராமைக் கழட்டி வச்சுட்டு டிடிஆர்5 வாங்குன்னு சொல்ல மனசு வரணும். பி350ல ரைசன் 5000 ஏறும், 2022லயே ரைசன் பண்ற ஏஎம்டி அதுக்கு சப்போர்ட் குடுத்தாச்சு, போர்டுக்குள்ள இருக்கிற பயோஸ் சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணா போதும். நான் அதை அவருக்குச் சொன்னப்ப "அது ரிஸ்க் சார்"னு வச்சுட்டாரு.

ரிஸ்க்தான், இல்லன்னு சொல்லல. பழைய பிராசசர் உள்ள இருக்கும்போதே பயோஸ் மாத்தணும், பாதியில கரண்ட் போச்சுன்னா போர்டு காலி. அதுக்காக ஈபி மாசாந்திர பராமரிப்பு எங்க ஏரியாவுக்கு என்னைக்குன்னு பேப்பர்ல பாத்து, அன்னைக்கு இல்லாம வேற ஒரு நாள், யுபிஎஸ்ல போட்டு, ஃபேன் கூட ஆஃப் பண்ணிட்டு உக்காந்து பண்ணேன். எங்கப்பா பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே "பழசும் ஆறு கோர்ங்குற, புதுசும் ஆறு கோர்ங்குற, அப்புறம் எதுக்குடா பத்தாயிரம்"னு கேட்டாரு, நியாயமான கேள்வி, பழைய 1600க்கும் எடுக்கப்போற ரைசன் 5600க்கும் நடுவுல அஞ்சு வருசம் இருக்குப்பான்னு சொல்லி சமாளிச்சேன். பயோஸ் ஏறினப்புறம்தான் ஆர்டரே போட்டேன். அதுக்கு முன்னாடி 5700எக்ஸ்3டி பிராசசரும் தேடினேன், நியாயமான விலையில எங்கயும் ஸ்டாக் இல்ல, சரி 5600 போதும்னு அதை எடுத்தேன். பிராசசர்ல ஒரு குறையும் இல்ல, அதையும் சொல்லிடுறேன். பழைய கூலரைக் கழட்டும்போது தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சு பிராசசரோட சேந்து புடுங்கிக்கிட்டு வந்துடும்னு பயந்து, அரை மணி நேரம் கேம் ஓட்டி சூடாக்கிட்டு அப்புறம் லேசா திருகி எடுத்தேன், பின் ஒண்ணு கூட வளையல. அந்தப் பழைய கூலரையே திரும்பவும் போட்டிருக்கேன், நீங்க அனுப்பின 5600 பொட்டியில வந்ததை விட அது பெருசு.

கார்டுதான் பிரச்சனை. எவ்வளவு யோசிச்சு இந்தக் கார்டை எடுத்தேன்னு பாருங்க. 4060 வாங்கலாமான்னு ரெண்டு வாரம் மண்டையை உடைச்சேன், அது 3060ஐ விட வேகம்தான், கரண்டும் கம்மியா குடிக்கும், 115 வாட். ஆனா அது 8 லேன் கார்டு (லேன்னா போர்டுக்கும் கார்டுக்கும் நடுவுல டேட்டா போற பாதை), என் போர்டுல கார்டு மாட்டுற ஸ்லாட் பழைய பிசிஐ 3.0. அது கூடப் பரவால்ல, மெமரி 8 ஜிபி. கார்டுல இடம் பத்தலைன்னா என்ன ஆகும்னா, மீதி டெக்ஸ்சரை (கேம்ல வர்ற படங்களை) கொண்டு போய் சிஸ்டம் ராம்ல வச்சுட்டு வேணுங்கிறப்ப எல்லாம் அந்த ஸ்லாட் வழியா இழுத்துக்கிட்டு வரும், சமையல்கட்டுல இடமில்லன்னு பாதி பாத்திரத்தை மொட்டைமாடியில வச்சுட்டு ஒவ்வொரு கரண்டிக்கும் படியேறி இறங்குற மாதிரி. 3060 12 ஜிபில மெமரி செகண்டுக்கு 360 ஜிபி வேகத்துல ஓடும், என் போர்டோட ஸ்லாட்டு 16 லேனும் சேந்தே செகண்டுக்கு 16 ஜிபி கிட்டதான், 8 லேன்னா அதுலயும் பாதி. அதனால என் மாதிரி பழைய போர்டு வச்சிருக்கிறவனுக்கு வேகத்தை விட இடம் முக்கியம், மாடிக்கு ஏறவே கூடாது. 16 லேன், 12 ஜிபி, 170 வாட், என்கிட்ட இருக்கிற 550 வாட் எஸ்எம்பிஎஸ்லயே (பவர் சப்ளை) ஓடும், எல்லாத்துக்கும் 3060 12 ஜிபிதான் பொருந்துச்சு. போதாததுக்கு என் தங்கச்சி பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர் பழகுறா, அதுக்கும் மெமரி வேணும்.

நீங்க அனுப்பின 8 ஜிபில 12லேர்ந்து 4 மட்டும் குறையல சார். மெமரிக்குப் போற பாதை, அதாவது பஸ், 192 பிட்லேர்ந்து 128 பிட் ஆயிடுது, 360ன்னு சொன்னேனே அது 240 ஆயிடுது. கோர் எண்ணிக்கை ரெண்டுலயும் 3584தான், அதை வச்சுத்தான் உங்க ஆளு "ரெண்டும் சேம் சார், ரெண்டும் 3060தான சார்"னு சாதிக்கிறாரு போல. பேரு ஒண்ணா இருந்தா பொருளும் ஒண்ணாயிடுமா? 2022ல என்விடியாவே 4080னு 12 ஜிபி ஒண்ணு 16 ஜிபி ஒண்ணுன்னு ரெண்டு விட்டு, ரெண்டும் வேற வேற கார்டு ஒரே பேருன்னு ஊரே திட்டினப்புறம், பேரு குழப்புதுன்னு ஒத்துக்கிட்டு 12 ஜிபியோட லான்ச்சையே வாபஸ் வாங்கினாங்க. அந்தப் பெரிய கம்பெனிக்கு வந்த புத்தி உங்க கஸ்டமர் கேருக்கு வரலையே.

பார்சல் வந்தது டிசம்பர் 27 சனிக்கிழமை. பிரிக்கிறதை டேப் கிழிக்கிறதுலேர்ந்து வீடியோ எடுத்திருக்கேன், உங்க ரூல்ஸ் படி கட் பண்ணாம. மாட்டி, கார்டு விவரம் காட்டுற ஜிபியு இஸட் சாஃப்ட்வேரை ஓட்டினா 8192 எம்பி, 128 பிட். அன்னைக்கு ராத்திரியே மெயில் போட்டேன். முதல் பதில் மூணு நாள் கழிச்சு வந்துச்சு, அதுலயும் "உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி"ன்னு இருந்துச்சே தவிர கார்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அப்புறம் போன்ல ஒருத்தர் சொன்னதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன், "சார் டிரைவர் அப்டேட் பண்ணிப் பாருங்க, மீதி 4 ஜிபி வந்துடும்". நான் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியாம ஒரு நிமிசம் சும்மா இருந்தேன், லைன்ல இருக்கீங்களா சார்னு கேட்டாரு. அடுத்த வாரம் பேசினவங்க "பொட்டி ஓப்பன் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் எடுத்தா 15% கழிச்சுக்குவோம்"னாங்க. ஓப்பன் பண்ணாம உள்ள எத்தனை ஜிபி இருக்குன்னு நான் எப்படிங்க பாக்குறது, வெளிய இருந்த நம்பர் மேலதான் நீங்க ஸ்டிக்கர் ஒட்டிட்டீங்களே.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு நிஜமாவே கோவம் வந்த இடம். ஜனவரி 3ஆம் தேதி உங்க சைட்டைத் திரும்பப் பாத்தா அதே லிங்க்ல 12 ஜிபிங்கிற வார்த்தையே காணோம், வெறும் ஆர்டிஎக்ஸ் 3060ன்னு மாத்தியிருக்கீங்க, விலை மட்டும் அதே விலை. பில்லுலயும் ஜிஎஸ்டி 18% எல்லாம் பைசா சுத்தமா போட்டுட்டு கார்டு பேர்ல ஜிபியைப் போடல. நான் ஆர்டர் பண்ண அன்னைக்கே பேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தேன், இந்த மெயில்லயே இருக்கு, உங்க ஆர்டர் கன்பர்மேஷன் எஸ்எம்எஸ்லயும் 12 ஜிபின்னு முழுப் பேரு அப்படியே இருக்கு. தப்பா அனுப்பினது தப்புன்னு வச்சுக்கலாம், எல்லாக் கடையிலயும் நடக்கிறதுதான், ஆனா புகார் வந்தப்புறம் சத்தமில்லாம பேஜை மாத்தினா அதுக்கு வேற பேரு.

எனக்கு வேண்டியது ரெண்டுல ஒண்ணு. ஸ்டாக் இருந்தா 3060 12 ஜிபி அனுப்பிட்டு இதை எடுத்துக்கோங்க, அதே கம்பெனி கார்டா இருக்கணும்னு கூட இல்ல, புதுசா, சீல் உடைக்காம, மூணு வருச வாரண்டியோட இருந்தா போதும். இல்லையா, 25,500ஐ முழுசா திருப்பிப் போட்டுடுங்க, 15%, பேக்கிங் சார்ஜ்னு எதையும் கழிக்காம. வாலட்ல கிரெடிட் வேணாம், எந்த அக்கவுண்ட்லேர்ந்து வந்துச்சோ அதுக்கே போகணும். 8 ஜிபியை வச்சுக்கிட்டு ரெண்டாயிரம் கூப்பன் வாங்கிக்கோங்கன்னு கடைசியா சொன்னாங்க, அது வேணாம்.

2020 ஈ-காமர்ஸ் விதிப்படி புகார் குடுத்தா 48 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீத்து வைக்கணும், விளம்பரத்துல சொன்ன மாதிரி பொருள் இல்லன்னா திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்லக்கூடாது. என் முதல் மெயில் போட்டது டிசம்பர் 27, ஒரு மாசம்னா ஜனவரி 27. அது வரைக்கும் பொறுமையா இருப்பேன், அதுக்கப்புறம் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன், அப்புறம் ஈ-ஜாக்ரிதி வெப்சைட்ல மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு. அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா அங்க பீஸ் கிடையாது, வக்கீலும் தேவையில்ல, வீடியோ, ஸ்கிரீன்ஷாட், எஸ்எம்எஸ் எல்லாம் ஒரே ஃபோல்டர்ல ரெடியா இருக்கு. மிரட்டுறேன்னு நினைக்காதீங்க, பொங்கல் லீவுல நிம்மதியா நாலு நாள் விளையாடணும்னு ஆசைப்பட்டவன், கேஸ் போட்டு அலைய எனக்கும் ஆசை இல்ல. இப்ப பழைய 1060ஐயே திரும்ப மாட்டி வச்சிருக்கேன், உங்க கார்டை அன்னைக்கே கழட்டி ஆன்டிஸ்டேட்டிக் கவர்ல போட்டு பொட்டியில வச்சாச்சு, அந்த ஸ்டிக்கரையும் கிழியாம பத்திரமா ஒட்டி வச்சிருக்கேன்.

கூரியர் பையனை அனுப்புறதா இருந்தா முன்னாடி நாளே சொல்லிடுங்க. 20ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மட்டும் வேணாம், அன்னைக்கு எங்க ஏரியால ஈபி ஷட்டவுன், காலிங் பெல் அடிக்காது, வந்தா கதவைத்தான் தட்டணும்.

இப்படிக்கு,
டிசம்பர் 27லேர்ந்து காத்துக்கிட்டிருக்கிற உங்க கஸ்டமர்

இணைப்பு: பில், பேஜ் ஸ்கிரீன்ஷாட், எஸ்எம்எஸ், பிரிக்கிற வீடியோ, ஸ்டிக்கருக்கு அடியில எடுத்த போட்டோ