ரத்தம் எடுத்த தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

எனக்காகப் பாடுபட்ட உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இதில் உங்கள் பெயர்களை நான் எழுதவில்லை. என் பெயரும் இல்லை. வீட்டில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படிக்கும்போது உங்களை உங்களுக்கே அடையாளம் தெரியும். நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் தையல் வேலை செய்கிறவள். எனக்கு மனச்சிதைவு நோய். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. இன்றும் கேட்கின்றன, முன்பைவிடக் குறைவாக. ஆனாலும் தனியாக பஸ் ஏறி மதுரைக்குப் போய்வருகிறேன், பிறத்தியார் துணியை வாங்கி, சொன்ன தேதிக்குத் தைத்துக் கொடுக்கிறேன், வீட்டு வாடகையில் பாதி என் சம்பாத்தியம். இது யார் யாரால் ஆனது என்று நாலு பேர் அறியச் சொல்லத்தான் இந்த மடல்.

அம்மா, முதலில் உனக்கு. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு சோறு தண்ணி இல்லாமல் நான் கிடந்த நாட்களில் சொந்தக்காரர்கள் சிலர் வந்து, "ஒரு இடத்துல கொண்டுபோய்க் கட்டிப்போடுங்க, சங்கிலி போட்டாத்தான் இறங்கும்" என்றார்கள். நீ ஏர்வாடியைச் சொன்னாய். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள், மொத்தம் 28 பேர். "என் பிள்ளைய நான் கட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாய். சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எழுத்தில் சொன்னது அதற்குப் பல வருடம் கழித்துத்தான். நீ கோயிலுக்கும் கூட்டிப்போனாய், திருநீறும் பூசினாய். ஆனால் பூசிய கையோடு மாத்திரையையும் எடுத்துக் கொடுத்தாய். ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தச் சொன்னவர்களிடம் நீ வாதாடவில்லை, காதில் வாங்கிக்கொள்ளாமலே இருந்துவிட்டாய். என் உயிர் தங்கியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு வந்த அந்தப் பேருந்துக்கும், அதில் வேலை செய்த களப்பணியாளர் அக்காவுக்கும் அடுத்த நன்றி. சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, 2010 முதல் புதுக்கோட்டை கிராமங்களுக்குத் தொலைமருத்துவப் பேருந்தை அனுப்பியது. உள்ளே ஒரு திரை. சென்னையிலிருந்து மனநல மருத்துவர் அதில் பேசுவார், மாத்திரையைப் பேருந்திலேயே கொடுத்துவிடுவார்கள். ஆள் இல்லாமல் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பெட்டிக்குள்ளிருந்து ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? எழுந்து ஓடப் பார்த்தேன். அக்கா, நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இவங்க நிஜமான டாக்டர்தாம்மா. எனக்கும் கேக்குது பாரு, இப்ப உன் ஊரு என்னன்னு கேட்டாங்கல்ல?" என்றீர்கள். எனக்குக் கேட்பது இன்னொருவருக்கும் கேட்கிறது என்று யாரோ சொன்னது, நோய் வந்த பிறகு அதுதான் முதல் தடவை. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனனை நான் பார்த்ததில்லை. 2021 டிசம்பரில் அவர் காலமான செய்தியைக் கேட்டபோது, தெரிந்த மனுஷி ஒருவர் போனது போலவே அழுதேன்.

முதலில் கொடுத்த ரிஸ்பெரிடோன் மாத்திரையும், பிறகு மாற்றிய ஓலன்சபின் மாத்திரையும் பாதி வேலை செய்தன. தெருவே என்னைப் பற்றிப் பேசுகிறது என்ற எண்ணம் விலகியது, தூக்கம் வந்தது. குரல்கள் மட்டும் அசையவில்லை. டாக்டரம்மா, அந்தக் கட்டத்தில் நீங்கள் "இன்னும் ஒழுங்கா சாப்பிடு" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் சொல்லி அனுப்பிய இடமும் உண்டு. நீங்கள் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, பொறுமையாக எண்ணிப் பார்த்துவிட்டு, "நீ சரியாத்தான் சாப்பிட்டிருக்க, மருந்துதான் உனக்குப் பத்தல" என்றீர்கள். இரண்டு வேறு மருந்துகளைப் போதிய அளவில், ஒவ்வொன்றையும் குறைந்தது 6 வாரமாவது கொடுத்தும் நோய் அடங்காவிட்டால் அதற்கென்று தனி வழி இருக்கிறது, மூன்று பேரில் ஒருவருக்கு இந்த நிலை வருவதுண்டு என்று விளக்கினீர்கள். பல வருடமாக என் மேல் கிடந்த பழியை அந்த ஒரு வாக்கியம் எடுத்துவிட்டது.

அந்தத் தனி வழிதான் குளோசபின். அதன் கதையையும் நீங்களே சொன்னீர்கள். 1958இல் சுவிட்சர்லாந்தில் உருவான மருந்து. 1975இல் ஃபின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்து, தொற்று ஏற்பட்டு இறந்துபோனார்கள். பல நாடுகளில் மருந்தை ஓரம்கட்டிவிட்டார்கள். பிறகு 1988இல் அமெரிக்காவில், வேறு எதற்கும் குணமாகாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு செய்த ஆய்வில், பழைய மருந்தான குளோர்புரோமசினில் 100க்கு 4 பேர் தேற, குளோசபினில் 30 பேர் தேறினார்கள். ரத்தத்தைத் தவறாமல் பார்த்துக்கொண்டே கொடுப்பது என்ற ஏற்பாட்டோடு அது திரும்பி வந்தது. இதைக் கேட்ட நாளிலிருந்து, முகம் தெரியாத அந்த ஃபின்லாந்துக்காரர்களை நான் நினைக்காமல் இருந்ததில்லை. என் கையில் ஊசி ஏறும் ஒவ்வொரு முறையும் அது அவர்கள் உயிரைக் கொடுத்துக் கற்றுத்தந்த பாடம். அவர்களுக்கும் இந்த நன்றி சேரட்டும்.

ரத்தம் எடுத்த தம்பி, இப்போது உங்களிடம் வருகிறேன். முதல் 18 வாரம் வாரந்தோறும், அதன் பின் மாதந்தோறும். என் கையில் நரம்பு லேசில் அகப்படாது. நீங்கள் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸை நான் விட்டுவிடக் கூடாது என்று எனக்காக ஆய்வுக்கூடத்தைச் சீக்கிரமே திறந்து வைத்தீர்கள். சாயங்காலம் போன் போட்டு, "அக்கா, வெள்ளணு 3,500க்கு மேல நல்லா இருக்கு, பயப்படாம மாத்திரை போடுங்க" என்பீர்கள். அந்தப் போன் வரும்வரை, எனக்குக் கேட்கும் குரல்களில் ஒன்றான ஓர் ஆண்குரல் "உன் ரத்தம் கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கு எதிராக என்னிடம் ஒரு எண் இருந்தது. அதைக் கொடுத்தது நீங்கள். எத்தனையோ பெரிய படிப்புப் படித்தவர்கள் சொன்ன ஆறுதலைவிட அந்த எண் எனக்கு அதிகம் உதவியது.

மருந்துக்கடை அண்ணனுக்கு ஒரு விஷயத்தை நினைவுபடுத்துகிறேன். ஒருநாள் இரவு தொண்டை வலி, காய்ச்சல் என்று வந்து உங்களிடம் பாராசிட்டமால் கேட்டேன். கடையில் கூட்டம். நீங்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நீ குளோசபின் வாங்குற பொண்ணுதானே? காய்ச்சல் மாத்திரைக்கு முன்னாடி ரத்தத்தப் பாத்துட்டு வந்துரு" என்று சொல்லி, உங்கள் பையனையே வண்டியில் துணைக்கு அனுப்பினீர்கள். அன்று அணுக்கள் சரியாகவே இருந்தன, வெறும் சளிக்காய்ச்சல்தான். ஆனால் இந்த மருந்து சாப்பிடுகிறவருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும் என்பது எனக்கே அப்போது மறந்திருந்தது. உங்களுக்கு மறக்கவில்லை. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும்போதும், "ரெண்டு நாள் விட்டுட்டா பழைய அளவுக்கு நேராப் போகக் கூடாது, டாக்டரக் கேட்டு அடியில இருந்துதான் ஏத்தணும்" என்று சொல்லி, கூடுதலாக ஒரு அட்டை வைத்துக் கொடுப்பீர்கள்.

நர்ஸ் அக்கா, நீங்கள் ஒவ்வொரு முறையும் என்னைத் தனியே திரைக்குப் பின்னால் கூப்பிட்டு, "வயிறு ஒழுங்கா போகுதா?" என்று கேட்பீர்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. இந்த மருந்தில் மலச்சிக்கல் முற்றினால் குடல் அடைத்து உயிரே போகலாம் என்று விளக்கி, வெட்கத்தை விடச் சொன்னீர்கள். தூக்கத்தில் எச்சில் வழிந்து தலையணை நனைகிறது, உடம்பு போடுகிறது, பகலெல்லாம் அசதி. இவை எல்லாவற்றையும் நான் முதலில் சொன்னது உங்களிடம்தான். எடையும் சர்க்கரையும் பார்த்து நோட்டில் எழுதி வைத்தீர்கள். இதைப் படிக்கும் யாராவது குளோசபின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இந்த அக்கா கேட்ட கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், விடையை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

குளோசபின் குரல்களைத் தூரத்துக்குத் தள்ளியது, போக்கவில்லை. மீதிக்கு மின்சிகிச்சை ஒன்றும் பார்த்தோம். ஈரப் பஞ்சு வைத்த இரண்டு தகடுகளைத் தலையில் பொருத்தி, 2 மில்லி ஆம்பியர் என்ற மிக மெல்லிய மின்சாரத்தை 20 நிமிடம் செலுத்துவார்கள். மயக்கமில்லை, லேசாகக் குறுகுறுக்கும், அவ்வளவுதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதில் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. சிலருக்கு நன்றாகப் பலன் தருகிறது, சிலருக்கு இல்லை. எனக்குச் சில வாரம் சத்தம் தணிந்து, மறுபடி ஏறியது. பலன் நிற்காவிட்டாலும், "நிக்காமலும் போகலாம்" என்று முன்கூட்டியே உண்மையைச் சொன்னவர்களுக்கு நன்றி.

உளவியலாளர் மேடம், உங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. மற்ற எல்லோரும் குரல் கேட்கிறதா இல்லையா என்றே கேட்டார்கள். அது என்ன சொல்கிறது, யார் குரல், எப்போது வரும், அதனால் உன்னை என்ன செய்ய முடியும் என்று முதலில் கேட்டது நீங்கள். எனக்குக் கேட்டவற்றில் ஒன்று செத்துப்போன என் அப்பத்தாவின் குரல். "கொடியில கெடக்குற துணிய எடுக்கலையாடி?", "அடுப்ப அணைச்சியா?" என்று ஓயாமல் விரட்டும். சொல்லவே வெட்கப்பட்டேன். மானுடவியலாளர் தன்யா லூர்மனும் சென்னை மனநல மருத்துவர்களும் சேர்ந்து செய்த ஆய்வைப் பற்றி அப்போது சொன்னீர்கள். கலிஃபோர்னியா, கானாவின் அக்ரா, நம் சென்னை, மூன்று இடத்திலும் தலா 20 பேரிடம் பேசியிருக்கிறார்கள். அமெரிக்கர்கள் பலருக்கு அடி, கொலை, சித்திரவதை என்று அந்நியக் குரல்கள். சென்னையில் பலருக்குச் சொந்தக்காரர்களின் குரல், வீட்டு வேலை ஏவுவதும் புத்தி சொல்வதும் திட்டுவதுமாக. என்னைப்போல் எத்தனை வீட்டில் எத்தனை அப்பத்தாக்கள் என்று நினைத்து அன்று சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து வெளியே இருந்த அம்மா எழுந்து வந்துவிட்டாள்.

அந்த ஆண்குரல் வேறு மாதிரி. வெளியே போனால் அம்மா செத்துவிடுவாள் என்று மிரட்டும். அதோடு சண்டை போடச் சொல்லாமல், அது சொல்வது நடக்கிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். முதலில் வாசல்வரை, பிறகு தெருமுனை, பிறகு பஸ் நிலையம். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து அம்மா இருக்கிறாளா என்று பார்த்து எழுதி வைத்தோம். அவள் இருந்தாள். லண்டனில் ஜூலியன் லெஃப் என்ற மருத்துவர், குரலுக்குக் கணினியில் ஒரு முகம் செய்து, நோயாளியை அதனிடம் எதிர்த்துப் பேசப் பழக்கும் சிகிச்சையை உருவாக்கினார். 150 பேரிடம் சோதித்த முடிவு 2018இல் வெளிவந்தது, 12 வாரத்தில் நல்ல பலன். நம்மிடம் அந்தக் கணினி இல்லை. நீங்களே அந்த ஆளாக மாறி, அவன் சொல்வதைச் சொன்னீர்கள். "போதும், நான் வேலைக்குப் போகணும்" என்று நான் பதில் சொல்லும்வரை விடவில்லை. குரல் கேட்கும்போது மூளையில் பேச்சுக்குரிய பகுதி வேலை செய்வதைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்றும், வாய்க்கு வேறு வேலை கொடுத்துப் பார் என்றும் சொன்னீர்கள். நான் முணுமுணுத்துப் பாடினால் அவன் பாதி அடங்குகிறான். பஸ்ஸில் பதில் சொல்லியே தீர வேண்டும் போலிருந்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொள்கிறேன், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தையற்கடை அக்கா, எனக்கு வேலை கொடுத்தபோது என் நோயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நானே சொல்லியிருந்தேன். "இவ கையில கத்தரிக்கோலக் குடுக்காதீங்க" என்று வாடிக்கையாளர் ஒருவர் என் எதிரிலேயே சொன்னார். நீங்கள் பதில் சொல்லாமல் பெரிய கத்தரிக்கோலை எடுத்து என் மேசையில் வைத்து, அவருடைய துணியையே என்னை வெட்டச் சொன்னீர்கள். மனச்சிதைவு உள்ளவர்கள் என்றாலே அடிப்பார்கள், குத்துவார்கள் என்ற பயம் ஊரில் இருக்கிறது. எங்களில் பெரும்பாலோர் யாரையும் அடித்ததில்லை, அடி வாங்கியவர்களே அதிகம். அந்த ரவிக்கையின் கழுத்து வளைவு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது, துளி பிசகவில்லை. காலை மாத்திரை அசதி தெளியும்வரை பத்தரைக்கு மேல் வரச் சொன்னதும், சத்தம் அதிகமான நாளில் ஓவர்லாக் மெஷினுக்கு என்னை மாற்றியதும் எந்த மருந்துச் சீட்டிலும் எழுதாத சிகிச்சை.

அண்ணி, நீங்கள் ஒருநாளும் என்னைக் குழந்தைகளிடமிருந்து தள்ளி வைக்கவில்லை. அதற்கு நான் வேறென்ன சொல்ல!

புதிதாகக் குரல் கேட்கத் தொடங்கி, யாரிடமும் சொல்லாமல் இருப்பவர் யாராவது இதைப் படிக்கலாம். 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணுக்குப் பணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். முதல் மருந்து கேட்கவில்லை என்றால் அடுத்தது உண்டா, எனக்குக் குளோசபின் பொருந்துமா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எங்கள் டாக்டரம்மா அப்படிக் கேட்கிறவர்களை உட்காரவைத்துப் பேசுவார்.

ரத்தம் எடுத்த தம்பி, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாக நர்ஸ் அக்கா சொன்னார். பெண்ணின் அளவு ரவிக்கை ஒன்றை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து வையுங்கள், அடுத்த மாதம் ரத்தம் கொடுக்க வரும்போது வாங்கிக்கொள்கிறேன். முகூர்த்தப் புடவைக்கு நான்தான் தைப்பேன், கூலி வாங்க மாட்டேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் எல்லோருக்கும் தெரிந்த தையற்காரி