கணுக்காலின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்த அம்மாவுக்கு நன்றி

மொரிஷியஸ் காத்ர் போர்ன் மலைக்கோவில் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சுளுக்கு என்று நான் நினைத்திருந்த வலது கணுக்கால் வலி, தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) இடம் நழுவியதால் வந்தது என்று தெரிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அறுவைக்குப் பின் பாதுகாப்புக்காகக் காலில் மாட்டியிருந்த பூட்ஸ் இனித் தேவையில்லை என்று மருத்துவர் நேற்றுச் சொன்னார்; அந்த நிம்மதி அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன்.

தைப்பூச அன்னதானத்தில் என் நடையைக் கவனித்துவிட்டுத் தாமாகவே அருகில் வந்த, பணி ஓய்வு பெற்ற பிசியோதெரபி அம்மாவுக்கே என் முதல் நன்றி. என் தாயைவிட மூத்தவர் தரையில் அமர்ந்து என் பாதத்தைத் தம் மடியில் எடுத்து வைத்தபோது, நான் கூசிக் காலை இழுத்துக்கொண்டேன், அவர் விடவில்லை. சாதாரணச் சுளுக்கென்றால் கணுக்கால் எலும்பின் முன்னும் கீழும்தான் பெரும்பாலும் வலிக்கும், உனக்கு எலும்பின் பின்னால் அல்லவா வலிக்கிறது மகனே என்றார். தம் உள்ளங்கையை எதிர்த்துப் பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளச் சொன்னார். வலி அந்த இடத்திலேயே சுரீரென்றது. பிறகு பாதத்தைச் சுழற்றச் சொல்லி, தசைநாண் எலும்பின் பின்னாலுள்ள தன் பள்ளத்தை விட்டு எலும்பின் விளிம்பைத் தாண்டி முன்னால் நழுவுவதை என் விரலாலேயே உணரச் செய்தார். எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது, பாதத்தை அசைக்கும்போதே அல்ட்ராசவுண்டில் பார்க்கச் சொல் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அவர் சொன்னபடியே ஸ்கேனில் தெரிந்தது.

தசைநாணை இடத்தில் பிடித்து வைக்கும், கிழிந்துபோன பட்டையைத் தைத்து, தசைநாண் தங்கும் பள்ளத்தையும் ஆழப்படுத்திய அறுவை மருத்துவர், இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர்கள், ரப்பர் பட்டையை வைத்துப் பொறுமையாகப் பயிற்சி தந்தவர், சோறு கொண்டுவந்த அண்டை வீட்டார், காரில் ஏற்றிச் சென்ற கோவில் இளைஞர்கள் அனைவருக்கும் என் குடும்பத்தின் வணக்கம்.

வெளிக்கணுக்காலின் பின்னால் ஓடும் இரு தசைநாண்களே மேடுபள்ளத்தில் பாதம் உட்பக்கம் மடங்காமல் காக்கின்றன. நாள்பட்டும் ஆறாத சுளுக்கில் இவற்றையும் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் அறுவை தேவைப்படாது, ஓய்வும் முறையான பயிற்சியுமே பலரைக் குணப்படுத்திவிடுகின்றன. அடுத்த தைப்பூசத்தில் மலையடிவாரத்தில் தண்ணீர் கொடுக்க நிற்பேன். நொண்டி இறங்கும் யாரையும் விசாரிக்காமல் அனுப்பமாட்டேன்.

அந்த அம்மாவின் பெயரைக் கேட்பதற்குள் கூட்டத்தில் பிரிந்துவிட்டோம். அவரை அறிந்தவர்கள் இம்மடலைப் படித்துக் காட்டுங்கள். தமிழ் வாசிப்பு பழக்கமில்லை என்றால் கிரியோலில் சொல்லுங்கள்.