சுத்தம் ரத்தத்தில் ஊறியதா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சுத்தத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சில நாட்டாருக்குத் தூய்மை ரத்தத்திலேயே ஊறியது, சிலருக்கு எத்தனை தலைமுறை போனாலும் வராது என்ற தொனி அதில் நெடுகிலும் கேட்கிறது. இதை ஏற்பதற்கில்லை.

உடல் சுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் விட்டுக் கழுவுகிறவருக்குக் காகிதத்தால் துடைப்பதை நினைத்தாலே குமட்டுகிறது. காகிதம் பழகியவருக்கோ ஈரம் சொட்டும் கழிப்பறைத் தரையில் கால் வைக்கவே அருவருப்பு. கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வது மேற்கு நாடுகளில் நாகரிகமாகவே இருந்து வந்திருக்கிறது. ஜப்பானியருக்கு அது சகிக்காது. அவர்கள் கைக்குட்டை வைத்திருப்பது பெரும்பாலும் கழுவிய கையைத் துடைக்கத்தான். அதே ஜப்பானில், ஒரு தொட்டி வெந்நீரில் வீட்டார் ஒருவர்பின் ஒருவராக இறங்கிக் குளிப்பது வழக்கம். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. தொட்டிக்கு வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, நுரை போக அலசிய பிறகே அவர்கள் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். அழுக்கு வெளியிலேயே போய்விடுகிறது. தொட்டி அலுப்புத் தீர. (தன் அழுக்கு கரைந்த நீரிலேயே ஊறிக் கிடக்கும் பிற நாட்டுத் தொட்டிக் குளியலை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?)

கட்டுரையாளர் இந்த உடல் சுத்தத்தையும் ஊர்ச் சுத்தத்தையும் ஒரே தராசில் போட்டுவிட்டார். தினம் இரு வேளை குளித்து, பிறர் வாய் வைத்த குவளையைத் தொடவும் கூசுகிற ஒருவர், தெருவில் காறித் துப்பக் கூசாமல் இருப்பதை எங்கும் பார்க்கலாம். அவர் வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம். வாசலுக்கு அப்பால் இருப்பது யாருடைய பொறுப்பு என்பதில்தான் கோளாறு.

அந்தப் பொறுப்பு ஐரோப்பாவுக்கும் எளிதில் வந்துவிடவில்லை. 1847-இல் வியன்னாவின் பிரசவ மருத்துவமனையில், குளோரின் சேர்த்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் செய்து தாய்மார்களின் சாவைப் பெரிதும் குறைத்துக் காட்டினார் செம்மல்வைஸ் என்ற மருத்துவர். ‘எங்கள் கையா அசுத்தம்?’ என்று சினந்தவர்களில் படித்த மருத்துவர்களே இருந்தார்கள். லண்டனில் 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில், நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளையும் அதே குளோரின் சேர்த்த சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட வேண்டியதாயிற்று. உறுப்பினர்களின் மூக்கு வரை வந்த பிறகுதான் பாதாளச் சாக்கடைக்குப் பணம் ஒதுக்கினார்கள். நியூயார்க்கில் பொது இடத்தில் துப்புவதற்கு 1896-இல் தடை போட்டார்கள். காசநோய் பயம் அப்படிச் செய்ய வைத்தது. துப்பாத ஊரில் இப்படி ஒரு சட்டத்துக்கு என்ன வேலை?

சிங்கப்பூரும் அப்படித்தான். ரயில் கதவுகளின் உணர்கருவியில் சூயிங்கத்தை ஒட்டி வைத்து ரயிலை நிறுத்தியவர்கள் அங்கேயே இருந்தார்கள். 1992-இல் அதன் விற்பனைக்கே தடை வந்தது. சற்று அதிகம்தான் என்பது என் எண்ணம். ஆனாலும் அந்த ஊரின் தூய்மை கருவிலேயே வந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

ஜப்பான் மட்டும் விதிவிலக்கு என்பார்கள். டோக்கியோவில் 1995-இல் சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களில் குப்பைத் தொட்டிகள் பலவற்றை எடுத்துவிட்டார்கள். குப்பையை மக்கள் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். வியக்கத்தக்கதுதான். ஆனால் சிறு வயதிலேயே பள்ளியில் துடைப்பமும் ஈரத்துணியும் கொடுத்துத் தம் வகுப்பறையைத் தாமே துடைக்கப் பழக்குகிறார்கள். இப்படி வருடக்கணக்கில் பழகிய கையைப் பிறவிக் குணம் என்பது அந்த ஆசிரியர்களின் உழைப்பை இருட்டடிப்பு செய்வதாகும்.

இன்னொரு குறையும் உண்டு. இவ்வளவு நீண்ட கட்டுரையில் தெருவைக் கூட்டுகிறவர், சாக்கடை அள்ளுகிறவர் பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்த நாட்டில் அவர்களுக்கு என்ன கூலி, குப்பை வண்டி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, பொதுக் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்ற விவரங்களோடு கட்டுரையாளர் இன்னொன்று எழுதினால், அதையும் ஆர்வத்தோடு படிப்பேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்