சத்து மாத்திரையும் ஆயுளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில், 'அறுபதைத் தாண்டியவர்கள் தினம் ஒரு சத்து மாத்திரை போட்டால் ஆயுள் கூடும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். எந்த ஆய்வு, யார் சொன்னது, ஒரு வரி இல்லை. நீங்கள் அறியாததா? அமெரிக்காவில் 3,90,000 பேரை 20 ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2024-ல் வெளியிட்டார்களே, தினமும் மல்டிவைட்டமின் (பல வைட்டமின்கள் சேர்ந்த சத்து மாத்திரை) சாப்பிட்டவர்களுக்கு ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை என்று!

அதையாவது பொறுத்துக்கொள்வேன். 'பீட்டா கரோட்டின் நுரையீரலுக்குக் காவல்' என்ற வரியைத்தான் பொறுக்க முடியவில்லை. கேரட்டில் இருக்கும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து அது; மாத்திரையாகவும் விற்கிறார்கள். கடலூர் முதுநகரில் இருக்கும் என் அண்ணன் பீடியை விடாதவர். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, "அதான் மாத்திரை போடறேனே, அப்புறம் என்னம்மா?" என்கிறார். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு அதே பீட்டா கரோட்டினைக் கொடுத்துப் பார்த்ததில், அதைச் சாப்பிடாதவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. இது 1994-லேயே வெளிவந்த முடிவு.

பென்ஷன் வந்ததும் அண்ணன் வீட்டு வாசலில் சத்து மாத்திரை விற்கும் முகவர் நிற்கிறார். டி.வி. மேசை முழுக்க டப்பாக்கள். ஒன்றைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. விற்கிறவரே அச்சடித்ததை நீங்கள் ஏன் அச்சடிக்கவில்லை? துறைமுகத்தில் மத்தி மலிந்து கிடக்கும் நாளிலும் அவர் வீட்டில் மீன் எண்ணெய் மாத்திரைதான்.

மாத்திரையே கூடாது என்பவள் அல்ல நான். சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டதில் எனக்கு வைட்டமின் பி12 குறைந்தது. ரத்தம் பார்த்து ஊசி போட்டார்கள், கால் மதமதப்பு அடங்கியது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை அவசியம். குறை இருந்தால் கொடுக்கட்டும்.

முன்பு ஒரு மூலிகைப் பொடி சர்க்கரையை அடியோடு விரட்டும் என்று எழுதினீர்கள். மறுத்து எழுதிய என் கடிதம் வரவே இல்லை. கெடிலம் ஆற்றில் சாக்கடை கலப்பதைப் பற்றி எழுதியதைப் பாதியாக வெட்டினீர்கள். முழுப் பக்கமாக வந்த கடலூர்ச் செய்திகள் இன்று அரைப் பக்கம். மீதி இடத்தில் இந்த டப்பா விளம்பரங்கள். மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உங்கள் பத்திரிகைதான். அந்த உரிமையில் கேட்கிறேன்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் நாலு வரித் திருத்தம் போடுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடக்கூடாது என்பது கட்டாயம் அதில் இருக்கட்டும். நான் சொன்னால் அண்ணன் கேட்கமாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.